டிஆர்பிடியும் பேஸ்மேக்கரும்: நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்புரை

பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் ஸ்கேன் செய்து பாதுகாக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 14 ஸ்கேன் மேசைகள், 6 திருத்த மேசைகள். எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. காலை 9 மணி முதல் மாலை வரை அந்த 20 கணினிகளும் ஒரே சேமிப்பகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். தொட்டால் உதிரும் தாளை ஒரு முறைதான் விரித்துப் படமெடுக்க முடியும். இரண்டாம் முறை விரித்தால் ஓரம் போய்விடும். ஆகவே, எழுதிக்கொண்டிருக்கும்போது சேமிப்பகம் விழுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

அதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டு சாதாரண சர்வர்களை வாங்கி, டிஆர்பிடி, பேஸ்மேக்கர் என்ற இரண்டு இலவச மென்பொருள்களைக் கொண்டு ஒரே என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சேமிப்பகமாக இணைத்தேன். ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும். இப்படி ஒன்றை அமைக்க நினைப்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். வேகத்தைப் பற்றிப் பிறர் எழுதியது நிறைய இருக்கிறது. நான் எழுத விரும்புவது அடையாள எண்ணைப் பற்றி. பொறுப்பு கைமாறும்போது வட்டின் அடையாளமும் மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

டிஆர்பிடி வியன்னாவில் பிறந்தது. லின்பிட் என்ற நிறுவனம் அதை வளர்க்கிறது. 2010-இல் வெளிவந்த 2.6.33 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுடனேயே வருகிறது. ஒரு சர்வரின் வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கையும் (சிறு தரவுத் துண்டு) வலையமைப்பு வழியாக மற்ற சர்வரின் வட்டிலும் எழுதுவதுதான் அதன் வேலை. நான் பயன்படுத்துவது 'சி' என்ற முறை. இரண்டு வட்டுகளிலும் எழுதி முடித்த பிறகுதான் 'எழுதியாயிற்று' என்ற பதில் வரும். அதனால் எழுதும் வேகம் சற்றுக் குறையும். இரண்டு சர்வர்களுக்கும் நடுவே சுவிட்ச் இல்லாமல் நேராக ஒரு 10 ஜிகாபிட் கேபிள் போட்டிருக்கிறேன். ஸ்கேன் வேலைக்கு அது தாராளம். எந்த சர்வர் இப்போது பொறுப்பில் இருக்க வேண்டும், ஐபி முகவரி எங்கே இருக்க வேண்டும், எதை எந்த வரிசையில் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் பேஸ்மேக்கர் பார்த்துக்கொள்கிறது.

பலர் நினைப்பது இதுதான்: தரவு இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஐபி முகவரியும் இடம் மாறிவிடுகிறது, வேறு என்ன வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். அந்த எண்ணுக்கு உங்களைப் பொறுத்தவரை எந்தப் பொருளும் இல்லை. உள்ளே இருப்பவருக்குத்தான் அது எந்தத் தட்டு, எந்த அறை என்று தெரியும். என்எஃப்எஸ் சர்வரும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு கோப்பைத் திறந்ததும் கிளையண்ட் கணினியிடம் (சேமிப்பகத்தைப் பயன்படுத்தும் கணினி) ஒரு டோக்கன் தருகிறது. அதன் பெயர் ஃபைல் ஹேண்டில். என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் அது அதிகபட்சம் 64 பைட், நான்காம் பதிப்பில் 128 பைட். லினக்ஸில் அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: இது எந்தக் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு), அதில் எந்த ஐநோட் எண் (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள பதிவு எண்), அந்த ஐநோட்டின் எத்தனையாவது தலைமுறை (அதே எண் வேறொரு கோப்புக்கு மறுபடி தரப்பட்டால் மாறுவது). கிளையண்ட் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. கையில் வைத்திருந்து அடுத்த முறை அப்படியே நீட்டும். பகல் ஆள் போய் இரவு ஆள் வரும்போது தட்டுகளின் எண்கள் மாறிவிட்டால், வாசலில் நிற்பவர் கையிலுள்ள டோக்கன் வெறும் தகரம்தான்.

2009-இல், வேறோர் அலுவலகத்தில், எனக்கு இது முதன்முறை நடந்தது. இரண்டு சர்வர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வட்டுப் பெட்டி. முதல் சர்வரில் உள் வட்டு ஒன்றுதான். இரண்டாவதில் யாரோ கூடுதலாக ஒரு வட்டைச் செருகியிருந்தார்கள். ஆகவே அதே பெட்டி முதல் சர்வரில் 'எஸ்டிபி'யாகவும் இரண்டாவதில் 'எஸ்டிசி'யாகவும் தெரிந்தது. லினக்ஸ் கணக்கில் முதலாவது 8,16, இரண்டாவது 8,32. அன்று எங்களிடம் இருந்தது 2.6.18 கெர்னல். 'இது எந்தக் கோப்பு முறைமை' என்ற கேள்விக்கு அது இந்தச் சாதன எண்ணைத்தான் டோக்கனில் எழுதும். முதல் சர்வர் விழுந்தது. ஐபி முகவரி மாறியது, பெட்டி மவுண்ட் ஆனது (பயன்பாட்டுக்கு இணைந்தது), பிங் செய்தால் பதில் வந்தது. ஆனால் எல்லாக் கணினிகளின் திரையிலும் 'ஸ்டேல் என்எஃப்எஸ் ஃபைல் ஹேண்டில்' (செல்லாத டோக்கன்) என்ற ஒரே வரி. அதை விற்றவர்களிடம் கேட்டபோது, 'கிளையண்ட் கணினிகளை எல்லாம் ஒரு முறை ரீபூட் செய்யுங்கள்' என்றார்கள். ஓராண்டுக்கும் மேலாக அதையே செய்துகொண்டிருந்தோம். எல்லோரும் வேலையை நிறுத்திக் கணினியை மறுபடி தொடங்க வேண்டுமென்றால், அந்த இரண்டாவது சர்வருக்கு ஏன் பணம் கொடுத்தோம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எந்தக் கோப்புறைகளைப் பகிர்கிறோம் என்று சொல்லும் என்எஃப்எஸ் ஏற்றுமதிப் பட்டியலில் 'எஃப்எஸ்ஐடி' (கோப்பு முறைமை அடையாளம்) என்று ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சேர்த்திருந்தால் போதும். சாதன எண்ணை விட்டுவிட்டு அந்த எண்ணையே சர்வர் டோக்கனில் எழுதியிருக்கும்.

டிஆர்பிடியை நான் விரும்பத் தொடங்கியது இந்த இடத்தில்தான். லினக்ஸில் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட மேஜர் எண், அதாவது சாதன எண்ணின் முதல் பகுதி, 147. இரண்டாம் பகுதியான மைனர் எண்ணை நாம் அமைப்புக் கோப்பில் எழுதுகிறோம். அந்தக் கோப்பு இரண்டு சர்வரிலும் ஒன்றேதான். கீழே இருக்கும் வட்டு எஸ்டிபியாக இருந்தாலும் எஸ்டிஎஃப் ஆக இருந்தாலும், மேலே தெரிவது 147,0 மட்டுமே. அடையாளத்தை வன்பொருளின் தற்செயலுக்கு விடாமல் மனிதர் எழுதிய ஒரு வரியில் கட்டிவைத்திருப்பது நல்ல வடிவமைப்பு. ஆனால் டிஆர்பிடியின் மேல் எல்விஎம் (வட்டை வால்யூம்களாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) போட்டுவிட்டால் இந்த நன்மை போய்விடும். எல்விஎம் வால்யூம்களுக்கு மைனர் எண் அவை உயிர்பெறும் வரிசையில் கிடைக்கிறது, அது இரண்டு சர்வரிலும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. மைனர் எண்ணை நிலையாக வைக்க எல்விஎம்மில் வழி இருக்கிறது. நான் எல்விஎம்மை டிஆர்பிடிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

இன்றைய லினக்ஸில் நிலைமை மேம்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஃப்எஸ்ஐடி எழுதாவிட்டால், கோப்பு முறைமைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் தனித்த அடையாளமான யுயுஐடியை என்எஃப்எஸ் தானாகவே எடுத்துக்கொள்கிறது. டிஆர்பிடி அந்த யுயுஐடியையும் சேர்த்தே நகலெடுப்பதால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே எதுவும் எழுதாமலிருந்தால் எனக்கு இரண்டாவது விபத்து நடந்திருக்காது. அது நான் எழுதியதால் நடந்தது.

எங்களிடம் இரண்டு பகிர்வுகள்: ஸ்கேன் செய்த மூலப் படங்களுக்கு 'மூலம்', செம்மை செய்த படங்களுக்கு 'திருத்தம்'. தனித்தனி டிஆர்பிடி சாதனம், தனித்தனி எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. தொடக்கத்தில் ஏற்றுமதிப் பட்டியலை ஒவ்வொரு சர்வரிலும் கையால் எழுதினேன். முதல் சர்வரில் மூலத்துக்கு எஃப்எஸ்ஐடி 1, திருத்தத்துக்கு 2. இரண்டாவது சர்வரில் அதை மாற்றி எழுதிவிட்டேன். ஐந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் முதல் சர்வரின் நினைவகத் தட்டு பழுதாகிப் பொறுப்பு கைமாறியது. சில நொடிகளில் எல்லாம் மீண்டுவிட்டது. திறந்திருந்த ஓரிரு கோப்புகள் மட்டும் பிழை காட்டின. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஸ்கேன் அறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். "அக்கா, மூலம் கோப்புறையில் ஏற்கெனவே வெட்டி, நிறம் திருத்திய படங்கள் இருக்கின்றன. நான் இப்போதுதான் இந்த இதழை எடுக்க ஆரம்பித்தேன்" என்றாள்.

நடந்தது இதுதான். ஏற்றுமதி செய்த கோப்புறையின் உச்சிக்குத் தரப்படும் டோக்கனில் ஐநோட் எண்ணோ தலைமுறை எண்ணோ இருப்பதில்லை, எஃப்எஸ்ஐடி மட்டும்தான். 'எண் 1-இன் உச்சி' என்று கிளையண்ட் கேட்டது. இரண்டாவது சர்வர் அதற்குத் திருத்தத்தின் உச்சியைக் கொடுத்தது. இரண்டுமே எக்ஸ்ட்4 என்பதால் உச்சிக் கோப்புறையின் ஐநோட் எண் இரண்டிலும் 2. கிளையண்ட் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. உள்ளே இருந்த தனிக் கோப்புகளின் டோக்கன்களில் தலைமுறை எண் பொருந்தாததால் அவை மட்டும் பிழை காட்டின. டோக்கனை நீட்டியவருக்கு வேறொருவர் செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அளவும் பொருந்திவிட்டது. இரண்டு பகிர்விலும் இதழ்களின் கோப்புறைப் பெயர்களும் பக்க எண்களும் ஒன்றே. அந்த முக்கால் மணி நேரத்தில் மூலத்துக்குப் போக வேண்டிய புதுப் பக்கங்கள் திருத்தத்தில் போய், அதே பெயரில் இருந்த 37 திருத்திய பக்கங்களின் மேல் எழுதப்பட்டன. முந்தைய இரவின் காப்பு நகலிலிருந்து 26 கிடைத்தன. மீதி 11 பக்கங்களை ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி திருத்தினார். பிழைச் செய்தி வந்து எல்லாம் நின்றுபோவதைவிட, பிழையே இல்லாமல் தவறான இடத்தில் எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதை அன்று புரிந்துகொண்டேன். 2009-இல் என்னைக் கோபப்படுத்திய அந்த ஒற்றை வரி உண்மையில் ஒரு காவல்.

அதன் பிறகுதான் ஏற்றுமதியையும் பேஸ்மேக்கரிடம் கொடுத்தேன். அதற்கென 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' என்ற ஏஜென்ட் (பேஸ்மேக்கர் ஒரு சேவையைத் தொடங்கவும் நிறுத்தவும் பயன்படுத்தும் சிறு நிரல்) இருக்கிறது. அதில் எஃப்எஸ்ஐடி கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம். பேஸ்மேக்கரின் அமைப்பு இரண்டு சர்வருக்கும் பொதுவானது. ஒரு முறை எழுதினால் இரண்டிலும் அதேதான். மாற்றி எழுத இடமே இல்லை. இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே ஏஜென்டில் பல கோப்புறைகளைக் கொடுத்தால், நீங்கள் கொடுத்த எண்ணில் தொடங்கி வரிசையாக அடுத்தடுத்த எண்களை அதுவே கொடுத்துக்கொள்ளும். பிறகு ஒருவர் பட்டியலின் நடுவே ஒரு கோப்புறையைச் சேர்த்தால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் எண் மாறும். ஒரு பகிர்வுக்கு ஓர் ஏஜென்ட் என்று பிரித்துவிடுங்கள். எண்ணுக்குப் பதிலாக யுயுஐடியையும் அங்கே எழுதலாம்; நான் அதற்கு மாறிவிட்டேன். 1, 2 என்பவை கை தவறினால் இடம் மாறும், 32 இலக்க யுயுஐடி தற்செயலாக இன்னொன்றாகிவிடாது. மாற்றிய நாளில் பழைய டோக்கன்கள் செல்லாமல் போகும் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கணினிகளிலும் பகிர்வை அகற்றி மறுபடி இணைத்தேன். இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு பகிர்வின் உச்சியிலும் அந்தப் பகிர்வின் பெயரையே கொண்ட ஒரு சிறு கோப்பை வைத்தேன். ஸ்கேன் நிரல் முதல் பக்கத்தை எழுதுமுன் அதைத் தேடும். இல்லையென்றால் எழுத மறுத்துவிடும்.

'இவ்வளவு சிரமம் எதற்கு? ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு மணிக்கொரு முறை இரண்டாவது சர்வருக்கு நகலெடுத்து, எஃப்எஸ்ஐடியை ஒன்றாக வைத்தால் போதாதா?' என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. ஆர்சிங்க் கோப்பின் உள்ளடக்கத்தைத்தான் நகலெடுக்கும். அந்தப் பக்கத்தில் அது புதுக் கோப்பு, புது ஐநோட் எண். டோக்கனின் முதல் பகுதி பொருந்தும், மற்ற இரண்டும் பொருந்தாது. டிஆர்பிடி கோப்பு என்ற ஒன்றையே அறியாமல் பிளாக் பிளாக்காக நகலெடுப்பதால்தான் ஐநோட்டும் தலைமுறையும் மாறாமல் நிற்கின்றன.

எங்கள் மெய்நிகர்க் கணினிகளுக்காக இதே இரட்டையிலிருந்து ஒரு ஐஸ்கசி வட்டும் (வலையமைப்பு வழியாகத் தரப்படும் வட்டு) கொடுக்கிறேன். அங்கேயும் அதே கதை, வேறு பெயரில். வட்டைப் பயன்படுத்தும் கணினி அதன் தொடர் எண்ணைக் கேட்டு, அதைக் கொண்டுதான் 'இது அதே வட்டு' என்று முடிவு செய்கிறது. இப்படி வட்டைத் தரும் லினக்ஸின் எல்ஐஓ டார்கெட்டில் கையால் வட்டு உருவாக்கினால் அந்த எண் ஒவ்வொரு சர்வரிலும் புதிதாகப் பிறக்கும். இணைந்த வட்டுகளைக் காட்டும் மல்டிபாத் பட்டியலில் இரண்டும் 36001405 என்றுதான் தொடங்கும், அடுத்த இலக்கங்களில் வேறாகும். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். பேஸ்மேக்கரின் ஏஜென்ட், நாம் எதுவும் கொடுக்காவிட்டால், ரிசோர்ஸின் (பேஸ்மேக்கர் பார்த்துக்கொள்ளும் பொருள், இங்கே அந்த வட்டு) பெயரிலிருந்தே தொடர் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்கிறது. பெயர் ஒன்று என்பதால் எண்ணும் ஒன்று. ஆனாலும் நானே ஒரு தொடர் எண்ணை எழுதிவைத்தேன், நாளை யாராவது ரிசோர்ஸின் பெயரை அழகுபடுத்தினால் வட்டு மாறிவிடக் கூடாது என்பதற்காக.

குறைகளுக்கு வருகிறேன். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில், சர்வர் மறுபடி தொடங்கியதும் பழைய பூட்டுகளை (திறந்திருக்கும் கோப்புகளின் மேல் வைத்திருந்த பிடி) கிளையண்ட்கள் மீட்டுக்கொள்ள 90 நொடி ஒதுக்கப்படும். அதற்குள் புதிதாகக் கோப்பைத் திறக்க முடியாது. கைமாறுவது எங்களிடம் 12 நொடிதான், ஆனால் ஸ்கேன் அறையில் உணர்ந்தது ஒன்றரை நிமிடக் காத்திருப்பு. லீஸ் காலத்தையும் (கிளையண்டின் பூட்டு செல்லுபடியாகும் காலம்) இந்தக் காலத்தையும் 20 நொடியாகக் குறைத்திருக்கிறேன். என்எஃப்எஸ் தொடங்கும் முன்பே இதை அமைக்க வேண்டும், பிறகு மாற்ற விடாது. பூட்டு விவரங்கள் இருக்கும் 'வார்-லிப்-என்எஃப்எஸ்' கோப்புறையும் பகிர்வோடு சேர்ந்து இடம் மாற வேண்டும். அதற்கும் ஏஜென்டில் இடம் இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டால் யாரும் உங்களை எச்சரிக்கப் போவதில்லை.

அதைவிடப் பெரிய குறை, இரண்டே சர்வர்கள் என்பதால் வருவது. நடுக் கேபிள் அறுந்தால் இரண்டும் 'நான்தான் முதல்வன்' என்று நினைத்துத் தனித்தனியே எழுதத் தொடங்கலாம். அதைத் தடுக்க ஒன்று மற்றதன் மின்சாரத்தைத் துண்டித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சர்வரிலேயே இருக்கும் ஐபிஎம்ஐ என்ற தொலைக்கட்டுப்பாட்டுப் பகுதி வழியாக இதைச் செய்தேன். ஒரு மதியம் யுபிஎஸ் ஒன்று கருகி, ஒரு சர்வர் முழுவதும் மின்சாரம் இழந்தது. அதோடு அதன் ஐபிஎம்ஐயும் அணைந்தது. துண்டித்ததற்கு உறுதி கிடைக்காமல் மற்ற சர்வர் பொறுப்பேற்க மறுத்து நின்றது. அது சரியான முடிவுதான், ஆனால் நான் அறைக்கு ஓடிவந்து கையால் உறுதி சொல்லும்வரை 20 கணினிகளும் உறைந்திருந்தன. இப்போது வலையமைப்பில் கட்டுப்படுத்தக்கூடிய மின்பலகை ஒன்றை இரண்டாம் வழியாக வைத்திருக்கிறேன். இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லின்பிட்டின் பயனர் கையேடு தெளிவானது. நான் அறிந்த இலவச மென்பொருள் கையேடுகளில் முதல் வரிசையில் வைப்பேன். பேஸ்மேக்கரின் பிழைக் குறிப்புகளைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும். இரவில் எழுப்பினால் எழுந்து வரும் ஒருவர் உங்கள் நிறுவனத்தில் இல்லையென்றால் இதை அமைக்க வேண்டாம். ஒரே நல்ல சர்வரும் ஒழுங்கான காப்பு நகலும் போதும். அப்படி ஒருவர் இருந்தால், இதே வேலைக்கு எங்களுக்கு விலை சொல்லப்பட்ட எந்தப் பெட்டியையும்விட இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு மேசையில் கோப்பு திறந்திருக்கும்போதே, பொறுப்பை வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கிறேன். சென்ற முறை ஸ்கேன் அறையில் ஒருவர் மட்டும் "இன்று கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே, அக்கா?" என்று கேட்டார். டிஆர்பிடி 9-இல் வட்டு இல்லாத மூன்றாவது கணினியைச் சாட்சியாக நிறுத்திப் பெரும்பான்மை பார்க்க முடியும். அதற்காக ஒரு பழைய கணினியை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதற்கு முன் நடுக் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.